மொக்கச்சாமியின் ஜீப் பதினாலு அடி உயர்ந்தது

கரட்டுப்பட்டி ஜீப் ஸ்டாண்டில் மூன்றாம் முறைக்காரனான மொக்கச்சாமியின் ஜீப், ஏலக்காய் மலைக்குப் பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நாலாவது வளைவில் கறுப்பாய் ஒரு தும்மல் தும்மிவிட்டு உட்கார்ந்துவிட்டது. பெட்ரோல் என்ஜின். அவன் அப்பன் காலத்தது. அப்பனே போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, என்ஜின் மட்டும் எத்தனை நாளைக்கு மரியாதைக்கு ஓடும்?

ஸ்டாண்டில் மொத்தம் ஏழு ஜீப்புகள். முதல் மூன்று முறைக்கு ஆள் நிரம்பி வழியும். நாலாவதிலிருந்து மிச்சம் மீதி. ஏழாவது ஜீப்புக்கு உப்பு மூட்டையும் குடித்துவிட்டு வழி தெரியாமல் நிற்கிறவனும்தான் கிடைப்பார்கள். முறை என்பது பரம்பரையாய் வருவது, அதை விற்கவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது, ஆனால் தொலைக்க முடியும்: நாற்பத்தொரு நாள் ஒரு வண்டி ஸ்டாண்டுக்கு வராவிட்டால் அதன் முறை போய்விடும், பிறகு வால்பக்கம் போய் நிற்க வேண்டியதுதான். அப்படி முறை இழந்த ஒரே ஆள் இப்போது கோழித்தீவனம் விற்கிறான். கோழிகள்கூட அவனை மதிப்பதில்லை.

ஆகவே மொக்கச்சாமி ஜீப்பைக் கட்டியிழுத்துக்கொண்டு நேராக மீரான் ராவுத்தர் பட்டறைக்கு வந்தான். ராவுத்தர் ஒரு பழைய பால் வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த டீசல் என்ஜினைக் காட்டினார். அது ஜீப்புக்குள் போவதற்கு இருபத்தைந்து நாள் எடுத்தது. பாடி வெட்டினார், தகடு ஒட்டினார், ரேடியேட்டரைத் தள்ளி வைத்தார், வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினார், கடைசியில் என்ஜின் உள்ளே போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த கனத்தில் ஜீப்பின் மூக்கு தரையை முகர்ந்தது.

"பாத்தியா?" என்றார் ராவுத்தர், குனிந்து ஸ்பேனரால் தட்டிக் காட்டி. "என்ஜினுக்கு அடியில இந்த ஆயில் சட்டி தொங்குது. அதுக்கு நேர் கீழ ஆக்சில். பள்ளத்துல விழுந்தா ஆக்சில் மேல வந்து சட்டியை இடிக்கும். இடிச்சு ஓட்டை விழுந்தா எண்ணெய் மலையெல்லாம் ஒழுகும். அதனால பாடியைத் தூக்கணும். ஸ்பிரிங் பட்டையைக் கூட்டி வைக்கணும். ரெண்டு இஞ்சா, நாலு இஞ்சா, அதைச் சொல்லு."

"நாலுன்னா நல்லதுதானே ராவுத்தரே?"

"நாலு வச்சா சட்டி தப்பிக்கும், வளைவுல வண்டி கவுந்து நீ தப்பிக்க மாட்ட. ரெண்டு வச்சா கவுறாது, சட்டி இடிக்கும். உன் ரோடு, உன் ஆளுக, உன் வண்டி. நீ சொல்லு, நான் போல்ட் போடுறேன்."

"நாலு பேரைக் கேட்டுட்டு வந்துர்றேன்" என்றான் மொக்கச்சாமி.

அவன் அப்படித்தான். நாற்பத்தெட்டு வயதுவரை ஒரு சட்டைத்துணிகூடத் தானாக எடுத்ததில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணிடமே "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டவன். குருவம்மாள், "கட்டிக்க" என்றாள். கட்டிக்கொண்டான்.

கரட்டுப்பட்டியில் ஒரு பழக்கம் உண்டு. பந்தியில் பரிமாறுகிறவன் ஒருக்காலும் குறைத்துப் போடமாட்டான், 'போதும்' என்கிற வார்த்தை இலைக்கு முன்னால் உட்கார்ந்தவன் வாயிலிருந்துதான் வரவேண்டும், பரிமாறுகிறவன் சொன்னால் அவன் ஏழு தலைமுறைக் கஞ்சன் என்று பெயர் எடுப்பான். இந்தப் பழக்கம் சோற்றோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. நிற்கவில்லை. வீட்டுக்கு எத்தனை ஜன்னல் வைக்கலாம் என்று கேட்டால் "இன்னும் ரெண்டு வையி" என்பார்கள். பையனுக்கு எத்தனை வருஷம் படிப்பு என்றால் "இன்னும் ரெண்டு படிக்கட்டும்" என்பார்கள். யோசனை கேட்டவனுக்குக் குறைத்துச் சொல்வது அவனை அவமதிப்பது. ஜீப்பை எவ்வளவு தூக்கலாம் என்று கேட்டுப்போனால் என்ன சொல்வார்கள் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

முதலில் வீட்டில் கேட்டான். "நாலு வையுங்க, இல்லாட்டி ஸ்டாண்டுல தலைவர் பவுன்ராஜ் வண்டி பக்கத்துல நம்ம வண்டி தவளை மாதிரி இருக்கும்" என்றாள் குருவம்மாள். அவன் பட்டறைக்குத் திரும்பி வந்து பார்த்தபோது, வாசல் வெட்டவெளியில் நின்ற ஜீப்பின் நாலு சக்கரத்துக்கு மேலும் ஒவ்வொரு புதுப் பட்டை ஏறி, பாடி சரியாக நாலு இஞ்சு உயர்ந்திருந்தது. ராவுத்தர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வச்சீங்களா?"

"நான் எங்கய்யா வச்சேன். தானா ஏறுச்சு. நல்ல இரும்பு" என்றார் ராவுத்தர். டீயைக் குடித்து முடித்தார்.

ரிட்டயர்டு ஹவில்தார் முத்திருளனைக் கேட்டான். "மிலிட்டரியில எல்லாம் ஒரு அடி!" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு. ஜீப் ஒரு அடி உயர்ந்தது. அவர் கொடுத்த பட்டைகள் கண்ணாடி போலப் பளபளத்தன, ஓரத்தில் ஒரு பிசிறில்லை. ஜோசியர் சோலைமணி கட்டம் போட்டுப் பார்த்து ஐந்தரை இஞ்சு என்றார். அவர் பட்டை கொஞ்சம் கோணல், ஆனால் மஞ்சள் பூசி வந்தது. ரேஷன் கடைக்காரன் சொன்ன பட்டை எடையில் குறைவாக இருந்தது. இப்படி மொக்கச்சாமி தெருத் தெருவாய்ப் போய்க் கேட்டான், கேட்காத வீட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு தாங்களாகவே பட்டறைக்கு வந்து சொன்னார்கள், சொல்லச் சொல்ல ஜீப் உயர்ந்தது, எட்டு நாளில் நாற்பத்து மூன்று பேர் யோசனை சொல்லி, ஜீப் பதினாலு அடி உயரத்தில், சக்கரம் மட்டும் தரையிலும் மிச்சமெல்லாம் ஆகாயத்திலுமாக, பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டை மாடியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஊர் இதற்காக வேலையை நிறுத்தவில்லை. இரும்பு தன்னால் வளர்ந்ததைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. யாருடைய பட்டை எத்தனாவது அடுக்கில் இருக்கிறது என்பதுதான் பேச்சு. கீழடுக்கில் மாட்டிக்கொண்டவர்கள் தங்களுக்கு மரியாதை இல்லை என்றார்கள், மேலடுக்கில் இருந்தவர்கள் கீழே இருப்பதுதான் பாரம் தாங்குகிறது என்று பெருந்தன்மையாகச் சமாதானம் சொன்னார்கள்.

உயர ஆரம்பித்த நாலாம் நாளே டீக்கடை பெஞ்சு ஜீப்புக்கு அடியில் வந்துவிட்டது, நல்ல நிழல். ஆறாம் நாள் ஒரு காதுகுத்துப் பந்தியை அங்கேயே நடத்தினார்கள், பந்தல் செலவு மிச்சம். குருவம்மாள் ஏணி போட்டு ஏறி பானெட்டில் அப்பளம் காயப்போட்டாள், அங்கே காக்காய் வருவதில்லை, காக்காய்க்கும் அந்த உயரத்தில் தலை சுற்றியிருக்கும். இரண்டு கட்சிக்காரர்கள் ஆளுக்கு இரண்டு சக்கரத்தைப் பிரித்துக்கொண்டு கொடி கட்டினார்கள். ஒரு நாள் ஒரு ஆபீசர் வந்தார், ஜீப்பை நாலு சுற்று சுற்றினார், நிமிர்ந்து பார்த்ததில் அவர் கண்ணாடி விழுந்தது.

"இது வாகனமா, கட்டடமா?"

"வாகனம் சார்" என்றான் மொக்கச்சாமி.

"கட்டடம்னா என் டிபார்ட்மென்ட் இல்லை. எதுக்கும் கட்டடம்னே எழுதிக்கிறேன்" என்று எழுதிக்கொண்டு ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மொக்கச்சாமிக்கு மட்டும் டீ இறங்கவில்லை. முப்பத்து நாலு நாள் ஆகியிருந்தது. ஸ்டாண்டுத் தலைவர் பவுன்ராஜ் நாலாம் முறைக்காரனான தன் மச்சினனின் ஜீப்பைத் துடைத்து, பொட்டு வைத்து, மூன்றாம் முறைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார். "இடத்தைக் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம் மாப்ள" என்று சிரித்தார். "நீ மெதுவா வா. உன் வண்டியில நின்னு பாத்தா வைகை டேம் தெரியுதாமே?"

மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் பாடுதான் பாடு. முன்னால் போகிற ஜீப்புகளில் இடமில்லாமல், பின்னால் போகிறவை வேலை நேரத்துக்குப் போய்ச் சேராமல், மொக்கச்சாமி ஜீப்பில் போய்க்கொண்டிருந்த பதினாறு பேரும் விடிகாலையில் கிளம்பி ஒன்பது கிலோமீட்டர் ஏறினார்கள், சாயங்காலம் இறங்கினார்கள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் ஏறினார்கள். பவுன்ராஜின் மச்சினன் வண்டிக்கு மூன்றாம் முறை போனால் அந்த இடம் அவனுக்கு வேண்டிய எஸ்டேட் ஆட்களுக்குத்தான், இவர்கள் கடைசிவரை நடைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களில் மூத்தவள் ஒச்சம்மாள். ஜீப்பைக் கடந்து போகும்போதெல்லாம் நிமிர்ந்து ஒரு பார்வை, மொக்கச்சாமியை ஒரு பார்வை. ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் அவனுக்கு வலித்தது.

"கழட்டிருங்க ராவுத்தரே" என்றான் முப்பத்தைந்தாம் நாள்.

ராவுத்தர் ஏணியில் ஏறி ஒரு நாள் முழுக்கப் பட்டைகளைக் கழற்றி அடுக்கினார். மறுநாள் காலையில் அத்தனையும் திரும்ப ஏறி நின்றன. அதே அடுக்கு, அதே வரிசை, ஜோசியர் பட்டையின் மஞ்சள்கூடக் கலையவில்லை. இரண்டாவது தடவையும் கழற்றினார். இரண்டாவது தடவையும் ஏறின. மூன்றாவது தடவை ராவுத்தர் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தார்.

"இரும்பு நான் சொன்னா கேக்கும். இது இரும்பு இல்லய்யா. இது உங்க ஊர் வாய்."

முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம், குருவம்மாள் ஏணியில் நின்று அப்பளம் பொறுக்கும்போது கால் இடறி, விழப்பார்த்து, ஜீப்பின் பக்கக் கண்ணாடியைப் பிடித்துத் தொங்கினாள். தொங்கிக்கொண்டே தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்: "எனக்கு வேணும்! நாலு இஞ்சுன்னு நான்தானே முதல்ல சொன்னேன், புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன்!"

அடியடுக்கிலிருந்து நாலு பட்டைகள் நழுவி வெளியே வந்து தரையில் விழுந்தன. ஒன்று டீக்கடைப் பாய்லரில் மோதியது. ஜீப் நாலு இஞ்சு இறங்கியது. மறுநாளும் அது ஏறவில்லை.

வழி தெரிந்துவிட்டது. யோசனை கொடுத்தவன் "தப்பாச் சொல்லிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாற்பத்து இரண்டு பேர் மிச்சம். மூன்று நாள் இருந்தது. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரட்டுப்பட்டியில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதாகச் சான்று இல்லை. பரிமாறின சோற்றை இலையிலிருந்து திரும்ப எடுப்பது எப்படியோ, சொன்ன யோசனையைத் திரும்ப வாங்குவதும் அப்படியே.

ஹவில்தார் முத்திருளன், "நான் தப்புச் சொல்லல. எனக்கு வந்த ஆர்டர் தப்பு" என்றார். பட்டை அசையவில்லை. ஜோசியர், "நான் சொன்னப்ப சரி. அப்புறம் கிரகம் மாறிருச்சு" என்றார். பட்டை பாதி வெளியே வந்து, யோசித்து, திரும்ப உள்ளே போனது. ரேஷன் கடைக்காரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு "சரக்கு வரலை" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். ஒருவன் மொக்கச்சாமியைக் கட்டிப்பிடித்து அழுதான், அண்ணே உசிரைக் கேளுங்க தர்றேன், அந்த வார்த்தையை மட்டும் கேக்காதீங்க என்றான். மொக்கச்சாமிக்கு உசிர் வேண்டியிருக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு அவன் எந்த வளைவை ஏறுவது?

நாற்பதாம் நாள் சாயங்காலம்வரை ஒரு பட்டை குறையவில்லை. உண்மையைச் சொன்னால் ஒன்று கூடியிருந்தது. வழியில் போன வெளியூர்க்காரன் ஒருவன், "இவ்வளவு தூக்கினது தூக்கினீங்க, இன்னும் அரை அடி..." என்று ஆரம்பித்து முடிக்கும் முன்பே ராவுத்தர் அவனைப் பட்டறையை விட்டு அடித்துத் துரத்தினார்.

நாற்பத்தோராம் நாள். அன்று கடைசி வண்டி பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்குள் வராவிட்டால் முறை போச்சு. அன்று காலை பதினாறு பெண்களும் வேலைக்குப் போகவில்லை. ஒச்சம்மாள் முன்னால் நடக்க ஜீப்புக்கு அடியில் வந்து நின்றார்கள். டீக்கடையில் நாற்பத்து இரண்டு யோசனைக்காரர்களும் இருந்தார்கள், தங்கள் தங்கள் பட்டைகளைக் காவல் காப்பவர்களைப் போல.

"மாமா" என்றாள் ஒச்சம்மாள் ஹவில்தாரைப் பார்த்து. அவளுக்கு எல்லோரும் மாமா, அல்லது கொழுந்தன். "எம் மகளுக்கு வரன் வந்திருக்கு. உங்களைக் கேக்கலாம்னு இருந்தேன்."

ஹவில்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசை தானாக மேலே போனது. "கேளு, கேளு."

"கேக்கல."

"ஏன்?"

"இனிமே கேக்குறதா இல்ல. நானும் கேக்க மாட்டேன், இந்தப் பதினஞ்சு பேரும் கேக்க மாட்டாக. வரனும் கேக்க மாட்டோம், மாட்டுக்கு வைத்தியமும் கேக்க மாட்டோம், மழை வருமான்னுகூடக் கேக்க மாட்டோம். எங்க வீட்டுல ஆம்பளைகளையும் கேக்க விட மாட்டோம். யாரு பட்டை மேல இருக்கோ அவங்க கிட்ட இந்த ஊர்ல இனி எவளும் ஒரு வார்த்தை கேக்க மாட்டா. போய்ட்டு வர்றோம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னாலேயே பதினைந்து பேரும்.

டீக்கடையில் வாய்க்குப் போன டம்ளர்கள் பாதியில் நின்றன. பாய்லர்கூட இரைவதை நிறுத்தியதாகச் சிலர் சொல்கிறார்கள், அது கட்டுக்கதை. ஆனால் நாற்பத்து இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் ஒரே காட்சி ஓடியது: தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆட்கள் கடந்து போகிறார்கள், யாரும் நிற்கவில்லை, யாரும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கவில்லை, நாள் போகிறது, வருஷம் போகிறது, வாய்க்குள்ளேயே யோசனை புளித்துப் போகிறது. சாவைப் பற்றி அவர்கள் நிறைய யோசித்திருந்தார்கள். இதை யோசித்ததே இல்லை.

"தப்பு!" என்றார் ஹவில்தார், சல்யூட் அடிக்கிற குரலில். "தப்பாச் சொல்லிட்டேன்! ஒச்சு, நில்லு தாயி! எந்த ஊரு வரன்?"

பளபளத்த நாலு பட்டைகளும் வந்து விழுந்தன. அதற்குப்பின் யார் முதலில் என்பதே போட்டி. ஜோசியர் "தப்பு, தப்பு, தப்பு" என்று மூன்று தடவை சொன்னார், ஒரு தடவைக்கே விழுந்துவிட்டது. ரேஷன் கடைக்காரன் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து சொன்னான். இரும்பு மழை. டீக்கடை பெஞ்சை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், இரண்டு கட்சிக் கொடியும் ஒன்றாய்ச் சுருண்டன, மிச்ச அப்பளம் நொறுங்கியது, ஜீப் படிப்படியாய், பிறகு மடமடவென்று, பதினாலு அடியும் இறங்கி, பழைய பட்டையும் நொந்துபோய்த் தரையோடு தரையாகப் படுத்தது. வழியில் போன வெளியூர்க்காரனின் அரை அடி மட்டும் யாரும் சொல்லாமலே ஓடிவிட்டது. அவன் ராவுத்தரிடம் வாங்கிய அடிக்கு அது பயந்திருக்கும்.

மணி பன்னிரண்டரை.

"இப்ப சொல்லு" என்றார் ராவுத்தர். "போல்ட் போட ரெண்டு மணி நேரம் ஆகும். எத்தனை இஞ்சு?"

மொக்கச்சாமி பழக்கதோஷத்தில் சுற்றிப் பார்த்தான். ஹவில்தார் ஆகாயத்தைப் பார்த்தார். ஜோசியர் தன் கால்விரலை எண்ணிக்கொண்டிருந்தார். குருவம்மாளைப் பார்த்தான், அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஒச்சம்மாள் நேராகப் பார்த்தாள், ஆனால் அந்தப் பார்வையில் இரண்டும் இல்லை, நாலும் இல்லை. கரட்டுப்பட்டி உண்டான நாளிலிருந்து அங்கே இப்படி ஒரு மௌனம் இருந்ததில்லை. அவன் தனியாக நின்றான். ஆயில் சட்டியைப் பார்த்தான். ஆக்சிலைப் பார்த்தான். நாலாவது வளைவை, எட்டாவது வளைவின் பள்ளத்தை, ஓரத்தில் தெரியும் பாதாளத்தை, உள்ளே நெருக்கியடித்து உட்காரும் பதினாறு பேரை, அவர்கள் மடியில் வைத்திருக்கும் தூக்குச்சட்டிகளை நினைத்தான்.

"மூணு."

"மூணா?" ராவுத்தர் புருவத்தைத் தூக்கினார். சொல்லவந்ததை விழுங்கினது தொண்டையில் தெரிந்தது.

"மூணு. போடுங்க."

மூன்று மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது ஜீப் ஸ்டாண்டுக்குள் நுழைந்தது. பவுன்ராஜ் மச்சினனின் வண்டி மூன்றாம் இடத்தில் பாதி நுழைந்து, முன்சக்கரம் கோட்டின் மேல் இருந்தது. பவுன்ராஜ் மொக்கச்சாமியின் ஜீப்புக்கு அடியில் குனிந்து ஒரு விரலை விட்டு இடைவெளியை அளந்தார். நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

"மாப்ள, நான் என்ன சொல்றேன்னா..."

"சொல்லாத" என்றான் மொக்கச்சாமி. "உம் மச்சினனை எடுக்கச் சொல்லு. என் இடம்."

அந்த மாதிரி ஒரு வார்த்தை அவனிடமிருந்து வரும் என்று பவுன்ராஜ் எதிர்பார்க்கவில்லை, மொக்கச்சாமியும் எதிர்பார்க்கவில்லை. மச்சினன் வண்டி பின்னால் போனது. பதினாறு பேரும் ஏறினார்கள். அன்று வேலை கிடையாது, எஸ்டேட் மூடும் நேரம், மேலே போய் அவர்களுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏறினார்கள், முறை என்றால் ஆளோடு போவதுதான் முறை. ஒச்சம்மாள் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

டீசல் என்ஜின் பால் வண்டிக் குரலில் உறுமிக்கொண்டு ஏறியது. முதல் வளைவு ஏறியது, கவிழவில்லை. நாலாவது வளைவு, கவிழவில்லை. எட்டாவது வளைவின் பள்ளத்தில் முன்சக்கரம் விழுந்தது.

டங்.

இடித்தது. ஓட்டை விழவில்லை, ஆனால் இடித்தது. இன்னும் அரை இஞ்சு இருந்திருந்தால் இடித்திருக்காது என்பது ஓட்டியவனுக்கும் தெரிந்தது, உட்கார்ந்திருந்த பதினாறு பேருக்கும் தெரிந்தது, அடுத்த பள்ளத்தில் இன்னொரு தடவை டங் என்றபோது மலையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்கும் தெரிந்திருக்கும். பின்னால் பதினைந்து பெண்கள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, ஒரு வார்த்தை பேசாமல் வந்தார்கள். ஒச்சம்மாள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"இடிக்குது, தெரியும்" என்றான் மொக்கச்சாமி, யாரும் கேட்காமலே. கியரை மாற்றினான்.